எறும்பில் ஒருவர்

வந்தவருடைய சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கு அப்போதே அவரைப் பிடிக்கவில்லை.

காலை பதினோரு மணி. எங்கள் அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேலே. கீழே டயருக்குக் காற்றடித்தால் மேலே மேஜை அதிரும். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் படித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு துப்பறிகிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அப்போதும் என்னைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள், இப்போதும் சாத்துகிறார்கள்.

எதிர் மேஜையில் என் கொழுந்தியாள். வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் இன்னும் சின்னவள் என்றுதான் பேர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் இணைப்புக் கொடுத்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், வாய் ஓய்வு பெறவில்லை.

"உக்காருங்க. நாற்காலி சுத்தமாத்தான் இருக்கு. சட்டைக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார்.

"என் கூட்டாளியைக் காணோம். போன மாசம் ஒன்பதாம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பினவன். இருபத்தஞ்சு நாளாச்சு. போலீஸ்ல எடுத்துக்க மாட்டேங்கறாங்க."

"ஏன்?"

"ஒண்ணாம் தேதி அவன் அறிக்கை வழக்கம்போல வெளியாயிடுச்சு. வேலையை ஒழுங்கா செய்றவன் எப்படிக் காணாமப் போனவன் ஆவான்னு கேக்கறாங்க."

என்ன அறிக்கை என்று கேட்டேன். பிளாக்செயின் என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்குப் புரியாத சொல்லில் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம். சின்னவள்தான் புரியவைத்தாள்.

"அத்தான், ஊருக்கெல்லாம் பொதுவா ஒரு பேரேடு. யார் வேணா எழுதலாம், யார் வேணா படிக்கலாம். எழுதினதை எழுதினவனே நினைச்சாலும் அழிக்க முடியாது. அது மேல நிறைய ஆப் ஓடுது. போட்டோ போட ஒண்ணு, செஸ் ஆட ஒண்ணு, கவிதை எழுத ஒண்ணு. எதுல என்ன செஞ்சாலும் அந்த ஒரே பேரேட்டுல விழும். இவர் கூட்டாளி மாசாமாசம் எந்த ஆப்ல எத்தனை பேர்னு எண்ணிப் பட்டியல் போடறவர். நானே தவறாமப் படிப்பேன்."

"அதை எதுக்கு நீ படிக்கற?"

"நான் இருக்கற ஆப் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான். எல்லாரும் எழுந்து போனப்புறம் நான் மட்டும் உக்காந்து பேசிட்டிருந்தா அசிங்கமில்லையா?"

தாளைப் பார்த்தேன். ஐந்து மாதக் கட்டங்கள். 'பளிச்' என்ற போட்டோ செயலி ஒன்பதாயிரத்தில் தொடங்கி, பதினாலு, இருபத்து மூணு, முப்பத்தொண்ணு என்று ஏறி, போன மாதம் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. செஸ் செயலி மாதம் இருநூறு பேரை இழந்து நாலாயிரத்தில் நின்றது. கவிதை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"கவிதை எழுதறவன் எங்க போவான், பாவம்," என்றாள் சின்னவள்.

முப்பது செயலிகளுக்குக் கீழே கடைசி வரியில் 'எறும்பு' என்று ஒன்று. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒன்று.

சட்டைக்காரர் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார். விரலும் இஸ்திரி போட்ட மாதிரிதான் இருந்தது.

"இந்த ஆப்பை நடத்தினவங்க ஆறு மாசம் முன்னாடியே கடையை மூடிட்டாங்க. திறந்தா வெள்ளைத் திரைதான். என்னத்துக்கான ஆப்னுகூட யாருக்கும் ஞாபகம் இல்ல. அதுல எப்படி ஒரு ஆள் வரும்?"

"உங்க கூட்டாளியே போயிருப்பார்."

"கீழ பாருங்க."

தாளின் அடியில் பொடி எழுத்து. 'மாதம் பிறந்ததும் ஒவ்வொரு செயலியிலும் நுழைந்து, ஒரு புள்ளி வைத்து, ஓடுகிறதா என்று பார்ப்பேன். அந்த ஒருவனை எல்லா எண்ணிக்கையிலும் கழித்துவிட்டேன்.'

"தன்னை அவன் எண்ணவே மாட்டான். எறும்புக்குள்ள நாங்களும் போய்ப் பார்த்தோம். பேர் இல்ல. மணிக்கு ஒரு எண். வெறும் எண். ஏதோ சங்கேதம். அது என்னன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"நாங்களும்னா?"

கண் ஒருமுறை தாழ்ந்தது. "நானும் ஆபீஸ் ஆளுங்களும்."

நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். மரப்படியில் அவர் இறங்கிய சத்தமே கேட்கவில்லை. ஏதோ உறுத்தியது. என்ன என்று பிடிபடவில்லை.

சின்னவள் போனில் பேரேட்டைத் திறந்தாள்.

"பேரேட்டுலயும் எறும்புக்கு ஒண்ணுதான் இருக்கு அத்தான். கழிக்காம அப்படியே போட்டிருக்கு. அப்படின்னா இது அவர் எழுதின அறிக்கை இல்ல. வழக்கம் தெரியாதவன் எவனோ அவர் பேர்ல எழுதிட்டான்."

"எழுத அவன் தேவையில்லைன்னா, அவனே தேவையில்லைன்னு அர்த்தம்."

"காலங்கார்த்தால நல்ல வார்த்தை சொல்றீங்க."

"மத்த ஆப்பையும் பாரு."

பார்த்தாள். உதடு அசைந்துகொண்டே வந்தது.

"பளிச், பேரேட்டுல நாப்பதாயிரத்து நூத்துப் பதிமூணு. அறிக்கையில நூத்துப் பன்னெண்டு. செஸ்ஸுலயும் ஒண்ணு கம்மி. கவிதையிலயும்... எல்லாத்துலயும் ஒண்ணு கழிச்சிருக்கு. எறும்புல மட்டும்தான் இல்ல."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அவனேதான் எழுதியிருக்கான். எறும்புல எப்பவும் இருந்த ஒரே ஆள் அவன்தான். தன்னைக் கழிச்சுக் கழிச்சு பூஜ்யம் காட்டினான். இந்த மாசம் வேணும்னே கழிக்கல."

"மறந்திருக்கலாமே?"

"முப்பது இடத்துல ஞாபகம் வச்சவன் ஒரு இடத்துல மறப்பானா? தலைக்கு மேல ஆளை நிக்கவச்சு எழுத வச்சிருக்காங்க. பெரிய எண்ணுல கை வச்சா உடனே தெரியும். தன் தலை ஒண்ணைத்தான் அவனால உள்ள வைக்க முடிஞ்சுது."

சின்னவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எறும்பின் எண்களைத் தாளில் எழுதினோம். போன மாதம் ஒன்றாம் தேதி முதல் எட்டாம் தேதி வரை காலையில் மணிக்கு ஆயிரம், இரண்டாயிரம். ஒன்பதாம் தேதி சாயங்காலத்திலிருந்து பதினாறு, நாற்பது, இருபத்துநாலு.

"ஒண்ணுன்னா அ, ரெண்டுன்னா ஆ-ன்னு வச்சுக்கிட்டா..."

"சும்மா இரு. இது எழுத்து இல்ல, ரீடிங். ராத்திரி பூரா பூஜ்யம். காலைல ஏறுது, மத்தியானம் படுக்குது, சாயங்காலம் ஏறுது. எந்த மெஷினும் இப்படி ஓடாது. ஃப்ரிட்ஜுகூட ராத்திரியில ஓடும். இது தூங்கி எழுந்திரிக்கற பொருள். மனுஷன்."

"மனுஷன்கிட்ட மணிக்கு மணி எண்ண என்ன இருக்கு?"

"நடை. ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் வர்றது எல்லாம் எட்டால வகுபடுது பார். எட்டு அடி வச்சா சுவர். திரும்பினா எட்டு அடி. மறுபடியும் சுவர்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

நாள் கணக்கைக் கூட்டினேன். பத்தாம் தேதி தொள்ளாயிரத்து அறுபது அடி. இருபதாம் தேதி நானூறு. நேற்று அறுபத்துநாலு. இன்று இதுவரை பதினாறு.

"குறையுதே அத்தான்."

"அதான் எனக்கும் பயம். கிளம்பு."

காணாமல் போனவருடைய மனைவி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள் என்று சட்டைக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். சின்னவள் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்திருந்தாள். கடைக்குப் போனபோது மணி ஒன்று.

அந்தப் பெண் கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அடியை எண்ணும் கருவி ஏதாவது அவரிடம் உண்டா என்று கேட்டதும் தயங்காமல் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"வலது கையில கறுப்புப் பட்டை கட்டியிருப்பார் ஐயா. ரப்பர் வளையம் மாதிரிதான் இருக்கும், மணி காட்டாது, ஒண்ணும் காட்டாது. சக்கரை இருக்கு, தினம் நடக்கணும்னு டாக்டர் சொன்னார். நான்தான் கட்டிவிட்டேன். எத்தனை அடி நடக்கறாருன்னு பக்கத்துல இருக்கற போனைத் தொத்திக்கிட்டு பேரேட்டுல எழுதும். ஆப்பை மூடினப்புறமும் அது பாட்டுக்கு எழுதும்னு சொல்வார். என் போன்ல வெள்ளைத் திரைதான் வந்துது. நின்னுபோச்சுன்னு நினைச்சு நான் விட்டுட்டேன்."

"மாத்திரை கொண்டு போனாரா?"

கவுண்டருக்குக் கீழிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வைத்தாள். இருபத்தைந்து நாள் மாத்திரையும் அதில் கட்டுக்கட்டாக இருந்தது.

"உயிரோட இருக்காரா ஐயா? அதை மட்டும் சொல்லுங்க."

"பன்னெண்டு மணி வரைக்கும் இருந்தார்," என்றேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

"கவலைப்படாதே தங்கச்சி," என்றாள் சின்னவள். "அவரோட கூட்டாளியே எங்களைத் தேடி வந்துட்டார். சேர்ந்து கண்டுபிடிச்சிடலாம்."

கத்தரிக்கோல் நின்றது.

"கூட்டாளியா? அவருக்கு அப்படி யாரும் இல்லையே அக்கா. தனியா உக்காந்துதான் எண்ணுவார். கடைசியா பளிச் எண்ணிக்கையிலதான் ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு சொல்லிட்டிருந்தார்."

நான் சின்னவளைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன பண்ணின?"

"மூணு தடவை கேட்டுட்டார் அத்தான், ஏதாவது தெரிஞ்சுதான்னு. லைன்ல ஆள் காத்திருந்தா கொடுத்துடறது என் பழக்கம்..." போனைக் காட்டினாள். "நடையை எண்ற கருவி ஏதோ அவர் உடம்புல இருக்குன்னு அனுப்பினேன். பன்னெண்டே காலுக்கு."

பேரேட்டைத் திறந்தாள். பன்னிரண்டு மணிக்கு எட்டு. ஒரு மணிக்கு எதுவும் இல்லை. பூஜ்யம்கூட இல்லை. வெறும் கோடு.

காலையில் உறுத்தியது இப்போது பிடிபட்டது. அந்த ஆள் ஒருமுறைகூடக் கூட்டாளியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லவில்லை. ஆள் எங்கே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஒன்றுக்கு அர்த்தம்தான் தெரியவில்லை. விடையை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுத்த ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "இப்படித் தகவல் வைக்கிற ஆளை அதுவரைக்கும் விட்டு வைப்பாங்களா?"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். அதற்கு நேரம் இல்லை.

"மூக்கைத் துடை. இந்த மாதிரி கோடு இதுக்கு முன்னாடி எப்பவாவது விழுந்திருக்கா, பாரு."

தேடினாள். "பதினேழாம் தேதி. காலைல பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும். கழட்டி வச்சிருப்பாரோ?"

"கழட்டினா பூஜ்யம் விழும். எழுத வழி இல்லாமப் போனாத்தான் கோடு. பக்கத்துல இருக்கற போனைத் தொத்திக்கிட்டு எழுதும்னுதானே இந்தப் பொண்ணு சொல்லிச்சு? அந்த போனுக்கே அன்னைக்கு என்ன ஆச்சு? பளிச்சைத் திற. அதே நாள், அதே நேரம்."

அவள் விரல் திரையில் மேலும் கீழும் போனது. பிறகு நின்றது.

"அத்தான்... நாப்பதாயிரம் பேரும் பத்து மணிக்கு நின்னிருக்காங்க. ஒரு போட்டோ இல்ல, ஒரு லைக் இல்ல. ஒரு மணிக்கு எல்லாரும் ஒண்ணா ஆரம்பிச்சிருக்காங்க."

"நாப்பதாயிரம் பேருக்கும் ஒரே மெயின் ஸ்விட்ச். அந்தப் பட்டைக்கும் அதே மெயின்."

மனிதர்களே இல்லை. ஏதோ ஒரு கூரைக்குக் கீழே போன்கள். அவை நடுவில் இவர்.

மின்வாரியத்தில் என் பழைய போர்மனுக்குப் போன் போட்டேன். பதினேழாம் தேதி பத்திலிருந்து ஒன்று வரை பராமரிப்புக்காக எந்த டிரான்ஸ்பார்மரை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஐஸ் பேக்டரிக்குப் பின்னாடி, ஷெட் வரிசை. ஏழு ஷெட்டு. ஏன்யா?"

"லைன்மேன் நாலு பேரோட வண்டியை எடுத்துட்டு வா. ஏணியும் கடப்பாரையும் இருக்கட்டும்."

சின்னவள் போலீசுக்குப் பேசினாள். அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

ஷெட் வரிசையில் ஆள் நடமாட்டமே இல்லை. பகல் இரண்டரை மணிக்கு ஒரு நாய்கூட இல்லை. நான் எந்தக் கட்டடத்திலும் முதலில் மீட்டரைத்தான் பார்ப்பேன். ஆறு மீட்டர் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது ஷெட்டின் மீட்டரில் சிவப்புப் பொட்டு நிற்காமல் துடித்தது. அது பின்பக்கம் இருந்தது. முன்வாசலிலிருந்து அதுவரை இரண்டாவது ஷெட்டை ஒட்டிய சந்தில் சுவரோரமாக நாற்பது அடி நடந்தேன்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். போர்மனும் லைன்மேன்களும் ஏணியோடு பின்னால் வந்தார்கள்.

தரையிலிருந்து கூரை வரை இரும்பு ரேக்குகள். ரேக் முழுக்கப் போன்கள். தொட யாரும் இல்லாமல் ஒவ்வொரு திரையும் தானாக வெளிச்சம் போட்டது, ஒரு படத்தைக் காட்டியது, ஒரு இதயத்தைப் போட்டது, அணைந்தது. அடுத்தது எரிந்தது. யாரோ ஒருவர் எடுத்த கடல், யாரோ ஒருவர் வீட்டுப் பூனை, அதையே ஆயிரம் திரைகள், ஒவ்வொன்றும் நாற்பது பேராக, ரசித்தன. சூட்டைத் தணிக்க இருபத்தாறு மின்விசிறிகள் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே காதில் விழவில்லை.

நடுவில் ஒரு மேஜை. சட்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் நசுங்கிய கறுப்புப் பட்டை.

"வாங்க பெரியவரே. அரை நாள்ல வேலையை முடிச்சுட்டீங்க," என்று கத்தினார்.

"ஆள் எங்க?"

"எந்த ஆள்? இங்க போன்தான் இருக்கு. போன் வச்சிருக்கறது குத்தமா? தேடிப் பாருங்க."

லைன்மேன்கள் தேடினார்கள். ரேக்குக்கு அடியில், மேஜைக்கு அடியில், நாலு சுவரிலும். கதவு எதுவும் இல்லை. அந்தப் பெண் "என்னங்க!" என்று கூப்பிட்டாள். வாய் திறந்ததுதான் தெரிந்தது. குரலை மின்விசிறி தின்றுவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றார் சட்டைக்காரர்.

நான் ஷட்டரிலிருந்து பின்சுவர் ரேக் வரை நடந்தேன். நிதானமாக, எண்ணிக்கொண்டு. முப்பத்திரண்டு.

"வெளியில நாப்பது அடி," என்றேன். "உள்ள எட்டு அடியைக் காணோம்."

அவர் எழுந்தார். நான் அவரிடம் போகவில்லை. மெயின் பெட்டியிடம் போனேன். கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

மின்விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. விளக்கு அணைந்தது. போன்கள் அணையவில்லை. ஆயிரம் திரைகளிலும் இணையம் இல்லை என்று ஒரே வரி. அந்த நீல வெளிச்சத்தில் எல்லார் முகமும் பிணம் மாதிரி இருந்தது.

"மெயினைப் போடுங்க!" சட்டைக்காரர் குரலில் அப்போதுதான் முதல் சுருக்கம் விழுந்தது. ஷட்டரைப் பார்த்து ஓடினார். போர்மன் ஏணியைக் குறுக்கே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அமைதி. பின்சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான் பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக, சமையலறையிலிருந்து கூப்பிடுகிற குரலில்.

ரேக்குக்குப் பின்னால் ஒரு காலடி. இழுத்து வைத்த காலடி. இன்னொன்று. மூன்று. நான்கு. அதோடு நின்றது. எதுவோ சுவரோடு சரிந்து விழுந்தது.

லைன்மேன்களுக்கு முன் அவளே ரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டாள். போன்கள் மழை மாதிரி கொட்டின. பின்னால் பலகைக் கதவு, இந்தப் பக்கம் தாழ்ப்பாள். கடப்பாரைக்கு அவசியமே இருக்கவில்லை.

எட்டு அடி அறை. ஒரு வாளி, ஒரு பாய். சுவரில் சாய்ந்து ஒரு மனிதர். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பட்டையை அறுத்தெடுத்த இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது.

அவள் தலையை மடியில் தூக்கி வைத்து, முதலில் தண்ணீர், பிறகு மாத்திரை. அவர் விழுங்கினார். சின்னவள் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இந்தச் சுவர்ல... தட்டினா..." அடுத்த ஷெட்டின் பக்கத்துச் சுவரை அவர் கண் காட்டியது. "அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் தட்டு வரும்."

"யாரு?"

"தெரியல. தினம் தட்டுவார். நாலு நாளா... வரல."

சட்டைக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் கொட்டிக் கிடந்த போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்மனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நாலாவது ஷெட். மீட்டர் தூங்குகிறதே என்று வரும்போது தாண்டிப் போயிருந்தேன். ஷட்டர் முழுக்கத் துரு. பூட்டு மட்டும் புதிது. எண்ணெய்கூடக் காயவில்லை.

"உடை," என்றேன்.